கூரையில் நாற்பத்தொரு ஓட்டை

முதலில் கேட்டது சத்தம்தான். தலைக்கு மேலே, தகரத்தில் சுத்தியல் விழும் சத்தம். மூன்று அடி. கொஞ்சம் ஓய்வு. மறுபடி மூன்று அடி.

குடோனுக்குள் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மேலே பார்த்தால் அவுட் என்பது அங்கே சட்டம். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

தவசியின் காலடியில் இருந்த வெளிச்ச வட்டம் அணைந்தது.

தவசிக்கு நாலு வயது. குனிந்து அந்த இடத்தைத் தடவினான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அங்கேயும் இல்லை. மூலையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மரகதத்திடம் போய் நின்றான்.

“அக்கா, என்னோடதக் காணோம்.”

மரகதம் மடியில் கிடந்த ஈர்க்குகளைத் தட்டிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

*

சுவரில் சாய்த்த ஏணியின் உச்சியில் நாச்சிமுத்து நின்றிருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் தார் டப்பா. சதுரம் சதுரமாக வெட்டிய தகரத் துண்டுகள்.

கூரையில் நாற்பத்தொரு ஓட்டை இருக்கிறது, எண்ணிவிட்டேன் என்றார். மழை வந்தால் பிள்ளைகள் நனைந்துபோவார்கள் என்றார். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மரகதம் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“வெய்யில் உள்ள எறங்குதுக்கா. எம்பட புள்ள உள்ள இருக்கறா.”

“அடைங்கண்ணா,” என்றாள் மரகதம். “ஆனா ஒவ்வொண்ணு அடைக்கறதுக்கு முன்னாலயும், அதுக்குக் கீழ இருக்கறவங்களக் கேட்டுக்கங்க.”

“கீழ இருக்கறது கொழந்தைங்கதான.”

“ஆமா.”

அவள் உள்ளே போய்விட்டாள்.

*

மலையடிவாரத்தில் அந்த அரிசி ஆலை ஓடாமல் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அதன் குடோனில் மரகதம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். கல் குவாரிக்கும் நூல் மில்லுக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். இரண்டு வயதிலிருந்து ஆறு வரை, இருபது பேர். பெஞ்சு இல்லை. கரும்பலகை இல்லை. இங்கே என்ன சொல்லித் தருகிறாய் என்று கேட்டவர்களுக்கு அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. நாச்சிமுத்துவுக்கு நாற்பத்தேழு. பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அவளை அக்கா என்றார். அவள் அவரை அண்ணா என்றாள். இருவரில் யார் மூத்தவர் என்பது அங்கே தீராமலே கிடந்தது.

அவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வெல்டராக இருந்தவர். இப்போது வெல்டிங் தொடுவதில்லை. நூல் மில்லில் ராத்திரி வாட்ச்மேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு சூரிய கிரகணம் வந்தது. அன்றைக்கு அவர் மகள் சஷ்டிகா பட்டறையில் இருந்தாள். நாலு வயது. எனக்கும் காட்டு என்று அடம் பிடித்தாள். வெல்டரிடம் எப்போதும் இரண்டு கண்ணாடி இருக்கும். வெல்டிங் பொறிக்குக் கறுப்பு. கேஸில் வெட்டுவதற்குப் பச்சை. கறுப்பு அன்று விரிசல் விட்டிருந்தது. சூரியனுக்குப் போதாத அந்தப் பச்சையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஊரில் வேறு எந்த அப்பனும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். மற்றவர்களுக்கு வெளிச்சத்தைக் கண்டால் பயம் இருந்தது. இவருக்குப் பழக்கம் இருந்தது.

லாரிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்து அவள் வெகு நேரம் பார்த்தாள். “நெலாவாட்ட இருக்குதுப்பா” என்று சிரித்தாள்.

சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தவள், இதில் யாருக்கும் மூஞ்சி இல்லையே என்றாள்.

நடுப்பார்வை போய்விட்டது, ஓரம் மட்டும் இருக்கிறது என்றார் டாக்டர். இனிமேல் மோசமாகாது. சரியும் ஆகாது.

*

குடோனுக்கு முதன்முதலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் தலையில் துணித் தொப்பி. புருவம் மறைய இழுத்துவிட்டிருந்தார். தாய் மில்லில் பகல் ஷிப்ட், இவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள் என்று ஏதேதோ சொன்னார். மரகதம் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் கேட்க வந்ததைக் கேட்டார்.

“அன்னைக்கிருந்து அவ எம்மூஞ்சியப் பாக்கறதே இல்லக்கா. நான் பேசுனா அந்தப் பக்கம் பாக்கறா. மன்னிக்க வேண்டாம். ஒருக்காப் பாத்தாப் போதும். அதுக்கு என்ன வழி?”

மரகதம் முருங்கைக் கட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் உட்கார்ந்து உருவினார். பதில் வரும் என்று நினைத்தார். கீரைதான் குறைந்தது. பாதியில் எழுந்து போய்விட்டார்.

மறுநாளும் வந்தார். அப்படித்தான் சீடரானார். வேறு தீட்சை ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வெயில் விழும் இடத்துக்குச் சஷ்டிகா போகக் கூடாது. தொப்பியைக் கழற்றக் கூடாது. மீறினால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார். அவளுக்கு இருட்டு மூலையில் ஒரு பாய் விரித்தார்கள். வேறு போக்கிடம் இல்லாத பிள்ளை. மரகதம் அந்தப் பாயை நாளுக்கு நாலு தடவை பார்ப்பாள்.

*

நாச்சிமுத்து ஏணியிலிருந்து இறங்கினார். கேட்கச் சொல்லிவிட்டாளே. கேட்டார்.

முதலில் தவசி. எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு அப்புறம் கேள் என்றான். நாச்சிமுத்து மறுபடி ஏறி, அடித்த தகரத்தைப் பிடுங்கிவிட்டு இறங்கி வந்து கேட்டார். முடியாது என்றான் தவசி.

அடுத்தவள் தன் வட்டத்தைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போட்டிருந்தாள். வட்டம் கோட்டைவிட்டு ஒரு சாண் நகர்ந்திருந்தது. இது திருட்டு வட்டம், ஓடிக்கொண்டே இருக்கும், பிடித்துக் கொடுத்தால் அடைத்துக்கொள் என்றாள்.

இன்னொருத்தன், தன் வட்டத்துக்குள்ளே சில நேரம் புகை போகிறது, அது எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு சொல்கிறேன் என்றான். அவனுக்கு ஐந்து வயது. வக்கீல் மாதிரி பேசினான்.

ஒருத்தி மட்டும் சம்மதித்தாள். எடுத்துக்கோ மாமா, ஆனால் சாயங்காலம் அம்மா வருவதற்குள் கொடுத்துவிடு, அவளுக்குக் காட்ட வேண்டும் என்றாள்.

நாச்சிமுத்து கடைசியாக இருட்டு மூலைக்கு வந்தார். மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவர் வரும் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பி, அவருக்கு இடப்பக்கம் எதையோ பார்த்தாள். வழக்கம்போல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உன்னோடது எது அம்மிணி?”

“எனக்கு ஒண்ணும் இல்லையேப்பா,” என்றாள். “நீதான விடல.”

அவர் ஏணியை எடுத்துச் சுவரோரம் படுக்கப் போட்டார்.

*

இது ஆகாது என்று மறுநாள் மரகதத்திடம் சொன்னார். பெரியவர்கள் காரியத்தைப் பிள்ளைகளிடம் கேட்டு நடத்தும் ஊர் எங்கேயும் இல்லை என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. தூங்காதவன் கோபம்.

மரகதம் தரையைக் காட்டினாள்.

“மேல ஓட்டை என்ன வடிவம்ணா?”

“ஒண்ணொண்ணு ஒவ்வொரு மாதிரி. போல்ட்டு போன எடம் சதுரம். ஒண்ணு முக்கோணம். ஒண்ணு நட்சத்திரமாட்டக் கிழிஞ்சிருக்குது.”

“கீழ?”

குனிந்து பார்த்தார். எழுந்து நடந்து பார்த்தார். எல்லாம் வட்டம். பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. எல்லாம் ஒரே அளவு.

“வட்டம் எங்கிருந்து வந்துச்சு?”

வெளிச்சம் அப்படித்தான் விழும் என்றார். மரகதம் சரி என்று அரிசி களையப் போய்விட்டாள்.

அந்தச் சரி அவரைக் குடைந்தது. இருபத்திரண்டு வருஷம் வெளிச்சத்தைக் கையில் பிடித்து இரும்பை ஒட்டியவர். வேலைக்குப் போனதும் மில் கேட்டில் ஒரு அட்டையை எடுத்து ஆணியால் குத்தினார். டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்தார். கீழே வட்டம் விழவில்லை. ஒரு கோடு விழுந்தது. சதுரமாக வெட்டிப் பார்த்தார். கோடு. முக்கோணம் வெட்டினார். அதே கோடு.

மறுநாள் அட்டையோடு வந்து சொன்னார்.

மரகதம் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இங்க வட்டம், அங்க கோடு. நடுவுல என்ன மாறுச்சு?”

“லைட்டு மாறுச்சு.”

மரகதம் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. கண் எரிந்தது. ராத்திரி வேலைக்காரனுக்கு யோசனை பாதி வழியில் நின்றுபோகும். மீதியைத் தூக்கம் கொண்டுபோகும்.

*

நாட்கள் போயின. வழக்கமாகச் சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வருகிறவர், ஒருநாள் தூக்கம் பிடிக்காமல் மத்தியானமே வந்தார்.

உள்ளே ஒரே சிரிப்பு. ஆலை ஓடிய காலத்துத் தவிட்டுச் சாக்கு ஒன்றை இரண்டு பிள்ளைகள் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தவிடு கிளம்பக் கிளம்ப, கூரைக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் கம்பு கம்பாக நின்றது. பிள்ளைகள் கம்புகளுக்கு நடுவே நெளிந்து ஓடினார்கள். இடித்தால் அவுட். ஒருவன் இடித்துவிட்டு, கம்புதான் நகர்ந்து வந்து தன்னை இடித்தது என்று சண்டை போட்டான்.

மரகதம் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வட்டத்தின் அடியில் வைத்திருந்தாள். வெளிச்சம் தட்டில் பட்டுச் சுவருக்கு ஏறி மீன் மாதிரித் துள்ளியது. அவள் தட்டைத் தொடும்போதெல்லாம் மீன் இடம் மாறியது. பிள்ளைகள் பாய்ந்து பாய்ந்து தவறவிட்டார்கள்.

ஒரு பிள்ளை மட்டும் தவறவே விடவில்லை. மீன் எங்கே குதித்தாலும் அதன்மேல் அவள் கை இருந்தது.

அவள் தலையில் தொப்பி இல்லை.

நாச்சிமுத்து உள்ளே வந்து சஷ்டிகாவின் கையைப் பிடித்தார். பாயில் கிடந்த தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்து இழுத்துவிட்டார். சாக்கு அடிக்கும் சத்தம் நின்றது. தவிடு மெல்ல இறங்கியது. கம்புகள் மறைந்தன.

நாளையிலிருந்து இவள் வரமாட்டாள் என்றார்.

நான்தான் கழற்றினேன் என்று மரகதம் சொல்லவில்லை. அவளாகக் கழற்றினாள் என்றும் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. அவர் வாசலைத் தாண்டும்போது மட்டும் கேட்டாள்.

“பிடிக்கறப்ப எங்க பாத்தா, கவனிச்சீங்களாண்ணா?”

“வேற பக்கம் பாத்தா. எம்மூஞ்சிய எப்படிப் பாக்கறதில்லையோ, அதே மாதிரி.”

“ஆனா பிடிச்சாளே.”

அவர் நிற்கவில்லை.

*

இரண்டு நாள் மகளை வீட்டில் வைத்துப் பூட்டினார். அவள் அழவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஜன்னல் இடுக்கில் விழுந்த வெளிச்சக் கோட்டை விரலால் தொடப் போய், அவர் பார்க்கிறார் என்று தெரிந்து விரலை மடக்கிக்கொண்டாள். அதை அவர் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் கிரகணம்.

மில்லுக்குக் கிரகணம் கிடையாது. குவாரிக்கும் கிடையாது. பிள்ளைகளின் சட்டையில் ஆளுக்கொரு துளசி இலையைச் செருகி, வெளியே விடாதே அக்கா என்று மரகதத்திடம் சொல்லிவிட்டுத் தாய்மார்கள் வேலைக்குப் போனார்கள். ஒருத்தி பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, கிரகணம் பிடித்தால் தானாக நிற்கும் என்று உலக்கையை நிறுத்திப் பார்த்தாள். அது நின்றது. கிரகணம் பிடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்றாள் மரகதம். அவள் கேட்காத மாதிரி பஸ்ஸுக்கு ஓடினாள்.

நாச்சிமுத்து ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்தார். தூக்கம் வரவில்லை. இருபது பிள்ளைகள். நாற்பத்தொரு ஓட்டை. எழுந்தார். மகளை விட்டுப்போக ஆள் இல்லை. தொப்பியை இழுத்துவிட்டு, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டு குடோனுக்கு நடந்தார்.

மரகதம் கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கீரைக் கட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்து இரண்டு ஈர்க்கு உருவினார். மனம் நிற்கவில்லை. எழுந்துவிட்டார். பிடிக்கும் நேரம் நெருங்க, கிரகண நேரத்தில் அடுப்படி வேலை ஆகாது என்று சமையலுக்கு உதவியாக வரும் அம்மா சத்தம் போட, மரகதமும் கையைத் துடைத்துக்கொண்டாள். கட்டு பாதியில் கிடந்தது.

அவர் ஜன்னல்களில் சாக்கு தொங்கவிட்டார். கதவைச் சாத்தினார். கதவிடுக்கில் துணியைத் திணித்தார். பக்கக் கதவைத் திறந்து வெளியே போய், படுத்துக் கிடந்த ஏணியை நிமிர்த்தினார். தார் டப்பாவை எடுத்தார். முதல் படியில் கால் வைத்தார்.

கேட்காமல் அடைப்பதில்லை.

கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

படியிலிருந்து காலை எடுத்தார். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து பக்கக் கதவையும் சாத்தினார்.

*

அந்த குடோன் அவ்வளவு இருட்டாக ஒருநாளும் இருந்ததில்லை. அவர் செய்த இருட்டு.

தரையில் நாற்பத்தொரு வட்டமும் அன்றைக்குத் துல்லியமாகத் தெரிந்தன. சாக்குக் கட்டாத நாட்களில் பாதிக்குப் பாதி மங்கிக் கிடந்தவை. பிள்ளைகள் அவரவர் வட்டத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து இருட்டு மூலையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். கை அவள் தொப்பியின்மேல் இருந்தது.

வெளியே ஒரு நாய் ஊளையிட்டு நிறுத்தியது.

தவசி எழுந்தான். இருட்டில் தடவித் தடவி மரகதத்திடம் வந்தான்.

“அக்கா, என்னோடத யாரோ கடிச்சுட்டாங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். தவசியின் வட்டத்தில் ஒரு ஓரம் இல்லை. அப்பத்தில் ஒரு வாய் கடித்த மாதிரி.

என்னோடதையும் என்றாள் கரிக்கோடு போடுகிறவள். என்னோடதையும். அவர்கள் எண்ணவில்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. ஒன்றுவிடாமல் எல்லாம் கடிபட்டிருந்தது. ஒரே பக்கம். ஒரே அளவு.

வக்கீல் பேச்சுக்காரன் தன் வட்டத்தை வெகு நேரம் முறைத்துவிட்டு, இது பெரிய வாய் என்றான்.

கடி மெல்ல வளர்ந்தது. வட்டம் வாழைப்பழமானது. வாழைப்பழம் நகமானது. தரை முழுக்க நகங்கள். பிள்ளைகள் துணியை விரித்து அவற்றைப் பிடித்தார்கள். விரலில் ஏந்தினார்கள். ஒருத்தி தன் விரல்நகத்தின்மேல் ஒன்றை நிறுத்திப் பொருத்திப் பார்த்தாள்.

நாச்சிமுத்து உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் கூரையைப் பார்த்தார். மேலே ஓட்டைகள் அப்படியே இருந்தன. சதுரம் சதுரமாக. முக்கோணம் முக்கோணமாக. எதையும் யாரும் கடிக்கவில்லை.

ஓட்டை மாறவில்லை. தரை மாறவில்லை.

மாறியது ஒன்றுதான். அது கூரைக்கு மேலே இருந்த சூரியன், அவர் ஒன்றரை வருஷமாகத் தொப்பி போட்டு மகளிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தரையில் கிடந்ததும் அதுவேதான். இந்தப் பிள்ளைகள் கரித்துண்டால் கோடு போட்டதும், தட்டில் பிடித்ததும், அம்மாவுக்குக் காட்டக் கேட்டதும் அதைத்தான்.

அவர் கை தொப்பியிலிருந்து நழுவியிருந்தது. மடி காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

சஷ்டிகா நடுவில் நின்றிருந்தாள். தொப்பி காலடியில் கிடந்தது. அவள் பாவாடையில் ஏழெட்டு நகம். தோளில் ஒன்று. அவள் மேலே பார்க்கவில்லை. மேலே பார்த்தால் அவுட். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, அதில் ஒன்றை வாங்கி, தளும்பாமல் அவரிடம் கொண்டுவரப் பார்த்தாள். ஓரடி நகர்ந்ததும் கை வெறுமையானது. திரும்பிப் போய் மறுபடி வாங்கினாள். மறுபடி வெறுமை.

மூன்றாம் தடவை அவரே எழுந்து போனார்.

அவள் முன்னால் மண்டி போட்டார். கையை நீட்டினார். அவள் தன் கையை விலக்கினாள். அது அவர் உள்ளங்கையில் விழுந்தது. சூடு இல்லை. கனம் இல்லை. தார்க்கறையின்மேல் கோணலாக உட்கார்ந்திருந்தது.

அவள் தலையை உயர்த்தி அவர் இடது காதைப் பார்த்தாள்.

அவர் முகத்தைத் திருப்பப் போனார்.

“ஆடாதப்பா,” என்றாள். “உன் மூக்கு மேல ஒண்ணு இருக்குது.”

அவர் ஆடவில்லை.

“அம்மிணி, உனக்கு எம்மூஞ்சி தெரியுதா?”

“காதப் பாத்தாத் தெரியும்.”

“எப்ப இருந்து?”

“எப்பவுமேதான். நீதான் திரும்பிக்குவ.”

அவள் விரலை நீட்டி அவர் மூக்கின்மேல் இருந்ததைத் தொட்டாள். அது அவள் விரலுக்கு மாறியது. அவள் அதைப் பார்க்க, அதற்குப் பக்கத்தில் பார்த்தாள்.

மரகதம் சுவரோரம் நின்றிருந்தாள். நாச்சிமுத்து அவள் பக்கம் திரும்பினார்.

மெல்ல நகங்கள் தடித்தன. பிள்ளைகள் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தார்கள். தன்னுடையதை யாரோ திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றான் தவசி.

கிரகணம் இன்னும் விடவில்லை. அவர் மூலையில் போய் உட்கார்ந்தார், மகள் நின்ற பக்கம் முகம் இருக்கும்படி. முருங்கைக் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு ஈர்க்கை எடுத்து, நுனியைப் பிடித்து, உருவினார்.